அனுப்பியவர் உங்களுக்கு என்ன உறவு?

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. இங்கே நான் சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். அண்ணன் விஷயத்தில்தான் பாதி நம்பிக்கை போய்விட்டது. "உங்க அண்ணன் சாயங்காலம் ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் மருந்துக்கடைக்குப் புது மின்விசிறி வந்த கதையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். மின்விசிறி சுற்றட்டும் அண்ணி, கால் எப்படி இருக்கிறது?

சலூனுக்குப் போர்டு மாட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி விழுந்ததிலிருந்து அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. அதோடு காலையிலிருந்து நின்று முடி வெட்டினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு இதே தொந்தரவு. ஒரு பக்கம் மட்டும் அடி உயர்த்திய ஷூ போட்டுக்கொண்டு ஜம்மென்று நடக்கிறார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வேறு ஏதோ நாட்டில் ஒரு கடையாம். காலைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினால் அந்தக் காலுக்கென்றே செய்து கொடுக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அண்ணனை நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள். எவ்வளவு குட்டை என்பதையும் அளந்து எழுதுங்கள். ஆனால் நான் கேட்டேன் என்று வாயைத் திறந்துவிடாதீர்கள்.

நான் இந்த வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு சலூன் நாற்காலியில் ஒருவர் பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார், நினைவிருக்கிறதா? அவருக்கு முன்னால்தான் அண்ணன் சொன்னார்: "போறதுன்னா போ. போயிட்டா எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லை." நுரைக்காரர் பாவம், சவரம் முடியும்வரை மூச்சுகூட விட்டிருக்க மாட்டார். ஆறு வருஷமாகிறது. நான் எழுதிய எதற்கும் அண்ணனிடமிருந்து பதில் இல்லை. போனில் என் குரல் கேட்டால் நெருப்பைத் தொட்டதுபோல உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார். நாம் பேசுவது முழுக்க சலூனை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் அவர் காதில் விழும் என்பதால்தானே உங்கள் மருந்துக்கடை முகவரிக்குக் கடிதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்?

இந்த வருஷம் எனக்கு நீண்ட லீவு உண்டு. எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வா என்று ஒருவர் சொன்னால்தானே வீடு?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாலு


மார்ச் 24

என் வாலுவுக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. உன் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே முதலாளியம்மா, "உங்க நாத்தனார் ஸ்டாம்பு வாங்குறதுக்குன்னே சம்பாதிக்கிறா போல" என்றார். நான் நலம். உன் அண்ணன் எப்போதும்போல.

நீ கேட்டது இதோடு இருக்கிறது. அதை எப்படி எடுத்தேன் என்று கேட்டால் சிரிப்பாய். உன் அண்ணன்தான் கஞ்ச மகாபிரபு ஆயிற்றே. பல் உதிர்ந்த சீப்பைக்கூட "வழுக்கைக்காரங்களுக்கு இது போதும்" என்று எடுத்து வைத்திருக்கிற மனிதர். அந்த வழியில்தான் போனேன்.

"எங்க கடைக்கு ஒரு கம்பெனிக்காரன் வந்திருக்கான். கால் அளவு குடுத்தா ஷூவுக்குள்ள வைக்கிற பஞ்சு தரானாம்."

"எவ்வளவு?"

"ஓசி."

"அப்ப ரெண்டு காலுக்கும் எடு."

என்னவோ மற்றவர்கள் எல்லாம் ஒரு காலுக்கு வாங்கிப் போகிறதுபோல! காகிதத்தைத் தரையில் விரித்து ஏறி நிற்கச் சொன்னேன். பென்சில் உள்ளங்கால் பக்கம் போனதும், "கூசுதுடி, எடு எடு" என்று ஒரு துள்ளு. இடது பாதத்தின் உள்பக்கம் கோடு ஒரு வளைவு வளைந்துவிட்டது. அழித்தால் காகிதம் கிழியும்போல இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். ஷூ செய்கிறவர்களுக்குக் கால் எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன?

உயரத்துக்கு சலூனில் கிடக்கும் பழைய வாரப் பத்திரிகைகளை இடது காலடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். நான்கு வைத்ததும் இடுப்பு நேரானது. அந்த அடுக்கை அளந்து ஓரத்தில் எழுதியிருக்கிறேன். நேராக நின்றதும் அவருக்கே ஆச்சரியம். கொஞ்ச நேரம் அந்தப் பத்திரிகைகள் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

அறையில் நீ படுக்கும் தடுப்புக்குப் பின்னால் இப்போது சலூன் துண்டுகளைக் காயப் போடுகிறோம். கட்டிலை விற்றுவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "கிடக்கட்டும், துண்டு மடிச்சு வைக்க ஆகும்" என்றார்.

வேளைக்குச் சாப்பிடு. லீவைப் பற்றி அவசரப்பட்டு முடிவெடுக்காதே.

உன் அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தையும் அண்ணன் காலின் சௌக்கியத்தையும் தனித்தனியாக எழுதவும்.

படம் கிடைத்த அன்று அந்த வளைவைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அவருக்கு எங்கே கூசும் என்று எனக்குத் தெரியாதா? பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு காரியம் செய்தேன். காகிதத்தைத் தரையில் வைத்து, அண்ணன் பாதத்துக்குள் என் பாதத்தை வைத்துப் பார்த்தேன். குதிகாலும் குதிகாலும் பொருந்தின. என் விரல்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. சின்ன வயதில் அவர் ஷூவை மாட்டிக்கொண்டு சலூன் முழுக்க இழுத்து இழுத்து நடப்பேனே, இன்னும் அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது. அப்புறம் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அழுதேன். கடைக்குப் பிரதிதான் அனுப்பினேன். அசல் என்னிடம் இருக்கிறது.

ஷூ வந்துவிட்டது, உங்களுக்கு அனுப்பியும் விட்டேன். இதில் ஒரு சங்கதி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். கடைக்காரர்கள் நேராக உங்கள் ஊருக்கே அனுப்புகிறோம் என்றார்கள். அப்படி அனுப்பினால் விலைக்கு வாங்கிய சரக்கு, இறக்குமதித் தீர்வை மட்டும் விலையில் பாதி வரும். அதுவே கூடப் பிறந்தவர்கள் அனுப்பும் பரிசு என்றால் தீர்வையே இல்லை. அதனால் எனக்கு வரவழைத்து, நான் இங்கிருந்து பரிசாக அனுப்பினேன். உங்கள் பெயருக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தபால் நிலையத்தில் இருந்த பெண் தலையை ஆட்டிவிட்டாள். அண்ணன் மனைவி கூடப் பிறந்த கணக்கில் வர மாட்டாளாம். சுங்கக்காரர்கள் கண்ணில் நீங்களும் நானும் யாரோ எவரோ, அண்ணி!

ஆகவே பார்சல் அண்ணன் பெயருக்குத்தான் போகிறது. அனுப்புபவர் என்ற இடத்தில் என் பெயர். உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினேன். எழுதுவதற்குள் பின்னால் வரிசையில் நின்றவர் இருமிவிட்டார். விலையைக் குறைத்துப் போடச் சொன்னார்கள் கூட வேலை செய்பவர்கள். தங்கை என்று உண்மையை எழுதிவிட்டு விலையில் எதற்குப் பொய் என்று முழு விலையையும் போட்டேன்.

வாங்குகிறவர் நேரில் போய், ஆமாம் என் தங்கைதான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி. அந்த ஒரு வார்த்தையை அவர் அங்கே சொன்னால் எனக்குப் போதும் அண்ணி. சொன்னார் என்று நீங்கள் எழுதினால் அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

பதிலுக்காகக் காத்திருக்கும்
வாலு


ஜூன் 19

வாலுவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். கடையில் வேலை அதிகம், சுருக்கமாகத்தான் எழுத முடிகிறது.

பார்சல் வந்துவிட்டது. சுங்க அலுவலகத்திலிருந்து தகவல் அட்டை சலூனுக்கே வந்தது. முடி வெட்டிக்கொண்டிருந்த உன் அண்ணன் அதை வாங்கி, படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தார். மறுநாள் சலூனுக்கு லீவு விட்டுவிட்டுப் போனோம். தீர்வை கட்டி எடுத்து வந்துவிட்டார். பெட்டி இப்போது அலமாரி மேல் இருக்கிறது.

நல்ல தோல். தையல்கூட ரொம்ப நேர்த்தி.

மழைக்கு முன் கூரையைப் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறோம். நீ உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் பொறுமை இல்லை. தீர்வை எதற்குக் கட்டினார்? கட்டவே தேவையில்லை என்று அத்தனை விளக்கமாக எழுதியிருந்தேனே!

உங்கள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நேரே தபால் நிலையத்துக்குப் போனேன். முழு விலையைப் போட்டதால் அளவுக்கு மேல் போய்விட்டதோ என்று எனக்கு ஒரே பதைப்பு. அந்தப் பெண் பார்த்துவிட்டு, இதுபோல இரண்டு மடங்கு விலை போட்டாலும் கூடப் பிறந்தவர்களுக்குத் தீர்வை கிடையாது என்றாள். அப்படியென்றால் அங்கே உள்ளவர்கள் செய்த தப்புதான். அண்ணனை ஏமாளி என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் இருவரும் ஒரே அப்பா அம்மா பிள்ளைகள் என்பதற்கு ஏதாவது ஒரு சான்றும் ரசீதும் காட்டினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நீங்களே போய்க் கேளுங்கள். அண்ணன் பணம் வீணாகக் கூடாது. அவர் எப்படிச் சேர்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அண்ணி, பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாரே! வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாமே, அனுப்பவில்லையே. அப்படியானால் கேட்டபோது ஆமாம் என்றுதானே சொல்லியிருப்பார்? நீங்கள் அதை எழுதவில்லை. எழுத மறந்திருப்பீர்கள். கூரை ஞாபகத்தில் இருந்திருப்பீர்கள்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் கடைசியில் கிடைக்கும். தடுப்புக்குப் பின்னால் துண்டுகளுக்கு வேறு இடம் பாருங்கள். அண்ணன் ஷூ போட்டு நடக்கிறாரா? நேராக நடக்கிறாரா? என்ன சொன்னார்? எந்தக் குரலில் சொன்னார்? எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒரு வார்த்தை விடாமல்.

சந்தோஷத்தோடு
உங்கள் வாலு


செப்டம்பர் 2

என் கண்ணே,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்வேன், சுகமா என்று எழுதியதும் கை நின்றுவிடும். நீ டிக்கெட் வாங்குவதற்குள் சொல்லியாக வேண்டும் என்பதால் இன்று எழுதுகிறேன். அன்றைக்கு நானும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. பெட்டியைப் பிரித்து ஷூவை மேசைமேல் வைத்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன சார், ஒண்ணு உசரம் ஒண்ணு குட்டை? நல்லா ஏமாத்திட்டாங்க உங்களை."

"ஏமாத்தல. என் காலே அப்படித்தான்."

அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. மரியாதையாகவே கேட்டார்: "அனுப்பினவங்க தங்கைன்னு போட்டிருக்கு. கூடப் பிறந்தவங்கதானே?"

உன் அண்ணன் உயர்ந்த ஷூவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆமான்னு சொல்லுங்க சார், ஒரு பைசா கட்ட வேணாம். இல்லேன்னா விலைக்கு வாங்கினதாத்தான் வரும். பாதி விலை கட்டணும்."

"தங்கச்சிதான் சார், எனக்கு நாத்தனார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"வாங்குறவர் வாயால சொல்லணும்மா. சார், உங்களைத்தான். அனுப்பினவங்க உங்களுக்கு என்ன உறவு?"

நான் முழங்கையால் இடித்தேன். ஓசி என்றால் பஞ்சுக்குக்கூடக் காலை நீட்டுகிற மனிதர், ஷூவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "எவ்வளவு கட்டணும்னு சொல்லுங்க" என்றார். சலூனுக்குப் புது நாற்காலி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டேன். மீதிச் சில்லறைக்கு நின்றார் போல, படிக்கட்டில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் பெட்டியை மட்டும் என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உன்னிடம் மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஷூவைப் போட்டுக்கொள்கிறார். நேராகத்தான் நடக்கிறார். சுவரைப் பிடிப்பதில்லை. போன மாதம் தடுப்புக்குப் பின்னால் இருந்த துண்டுக் கொடியை அவிழ்த்துக் கொல்லையில் கட்டினார். ஏன் என்றால், "ஈர வாடை" என்கிறார். தபால்காரர் வந்தால் கத்திரியை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, உனக்கு என்ன எழுத?

கோபப்படு. என்மேல் வேண்டுமானாலும் கோபப்படு. சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

உன் அண்ணி


செப்டம்பர் 20

அண்ணிக்கு,

நலமே. உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

லீவைக் கூட வேலை செய்யும் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஊரில் அவளை எதிர்பார்த்துக்கொண்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

பாதி விலை போனாலும் பரவாயில்லை, அவள் என் தங்கை என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றால், அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? நுரைக்காரர் முன்னால் சொன்னது கோபத்தில் சொன்னது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகாரி முன்னால் அவருக்குக் கோபம்கூட இல்லையே. நிதானமாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறார்.

கால் நேரானதில் சந்தோஷம். அதற்குத்தானே அனுப்பினேன்.

வாலு


நவம்பர் 5

அடி வாலு,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

உன் கடிதத்தைப் படித்த ஆத்திரம் எனக்கு ஒரு மாதமாக ஆறவில்லை. உறவைத்தான் மீட்க முடியவில்லை, நீ சொன்ன அந்தப் பணத்தையாவது மீட்கலாம் என்று, அவருக்குத் தெரியாமல் ரசீதையும் சான்றையும் எடுத்துக்கொண்டு நேற்று சுங்க அலுவலகத்துக்குப் போனேன். அதே மூக்குக்கண்ணாடிதான்.

"நினைவிருக்கும்மா. ரெண்டு காலும் ரெண்டு உசரம், எப்படி மறக்கும்? அவர்கிட்ட அன்னிக்கே சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க பெட்டியோட இறங்கிட்டீங்க. அவர் பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கி, கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார். 'சார், அதை அனுப்பினது என் தங்கச்சி. கூடப் பிறந்தவ. நான்தான் வளர்த்தேன்'னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா, இருங்க, ரசீதை ரத்து பண்றேன்னு எழுந்தேன். வேணாம்னுட்டார்."

"ஏன் வேணாம்னார்?"

"'பணம் மிச்சமாகுதுன்னு அவளைத் தங்கச்சின்னு சொன்னா, அது சொன்னதா சார்? இப்பதான் கட்டிட்டேனே, இப்ப சொல்றேன், எழுதிக்குங்க'ன்னார். எழுதிக்கிட்டேன். வேற என்னம்மா பண்றது?"

எடுத்துப் போன காகிதங்களை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் எப்படி வந்தேன் என்று தெரியாது. சலூனில் உன் அண்ணன் ஒருவருக்குப் பாதி முடி வெட்டியிருந்தார்.

"கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போயிட்டு வரேன்" என்றேன்.

கத்திரி நின்றது. என் முகத்தைப் பார்த்தார். "அவகிட்டேருந்து பதில் வந்திருக்கா?"

"எதுக்குப் பதில்?"

"நான்தான் சொல்லிட்டேனே. ஆபீசர் எழுதிக்கிட்டாரே. அனுப்பினவளுக்குத் தெரியப்படுத்தாம பின்ன எதுக்கு எழுதிக்கிறாங்க?"

கேட்டாயா கதையை? சுங்க அலுவலகத்திலிருந்து உனக்குத் தகவல் போயிருக்கும் என்று ஜூன் மாதத்திலிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்! துண்டுக் கொடியை அவிழ்த்தது அதற்காக. தபால்காரரை எட்டிப் பார்த்தது அதற்காக. "தெரிஞ்சும் அவ ஒரு வரி எழுதலையேன்னு நினைச்சேன். அவ கோபம் தீரலை போல, நான் சொன்ன சொல்லு அப்படின்னு விட்டுட்டேன்" என்றார்.

பிறகு, "லீவு எப்போன்னு ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். நீ அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். நாற்காலியில் இருந்தவரின் மீதித் தலையை வெட்டி முடித்து, துண்டை உதறி, அன்றைக்கு சலூனைச் சீக்கிரமே சாத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

உனக்கு நான் முன்பே எல்லாவற்றையும் எழுதியிருக்கலாம். அவரிடம் முன்பே வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். நம் மூன்று பேருக்கும் ஒருவர் சொல்லாததை இன்னொருவர் புரிந்துகொள்வோம் என்று பெரிய நினைப்பு.

உடனே எழுது.

உன் அண்ணி


நவம்பர் 29

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ரொம்ப காலத்துக்குப் பிறகு சலூன் முகவரிக்கு எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் இருவரும் நலமா?

அண்ணி கடிதத்தை முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். உட்காரச் சொல்லி எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அண்ணா, தகவல் வரவில்லை. சுங்க அலுவலகம் எனக்கு எதுவும் எழுதவில்லை. அவர்கள் எழுத மாட்டார்கள் அண்ணா, நாம்தான் எழுத வேண்டும். யாரோ ஓர் அதிகாரியிடம் நீங்கள் சொன்னதை இன்னொருவர் எழுதித் தெரிந்துகொண்டேன். அதிலேயே எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் அதை உங்களிடமிருந்தே கேட்கும் ஆசை விடவில்லை.

அடுத்த லீவு வருகிற வருஷக் கடைசியில்தான். கெஞ்சிப் பார்த்துவிட்டேன், கிடைக்காது. இன்றைக்கே புறப்பட்டு வர வேண்டும்போல இருக்கிறது. சலூன் வாசலில் சோப்பு வாசனை எப்படி வரும் என்று யோசித்தால் வருகிற மாதிரி இருக்கிறது, பிறகு வருவதில்லை. இங்கே தெருமுனையில் ஒரு முடிதிருத்தும் கடை இருக்கிறது. சில நாள் வேலைக்குப் போகும்போது கதவுப் பக்கமாகச் சும்மா நின்றுவிட்டுப் போவேன். அவர்கள் நான் முடி வெட்டிக்கொள்ளத் தயங்குகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

உங்கள் பாதப் படம் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஷூ இடிக்கிறதா அண்ணா? அண்ணி பென்சிலில் போட்ட வளைவைக் கடைக்காரர்கள் அப்படியே செய்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எப்போதும் உங்கள்
தங்கை


டிசம்பர் 22

தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். உன் நலத்தை எழுதவும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முடி வெட்டினால் தப்பு வந்தாலும் வளர்ந்துவிடும். சொல் அப்படி இல்லை. அன்று சலூனில் உன்னிடம் சொன்ன நாளிலிருந்து அது எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போதும் யோசித்து யோசித்து எழுதுகிறேன். இரண்டு காகிதம் வீணாகிவிட்டது. உன் அண்ணி பார்த்துச் சிரிக்கிறாள்.

கால் இப்போது வலிப்பதில்லை. இடது ஷூவில் உள்பக்கம் ஒரு மேடு இருக்கிறது. நீ சந்தேகப்பட்டது சரிதான், பென்சில் துள்ளியது அப்படியே தோலில் வந்திருக்கிறது. முதலில் குத்தியது, பிறகு பழகிவிட்டது. செருப்பு தைப்பவர் தேய்த்து எடுத்துவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஷூ நன்றாக இருக்கிறதே, யார் வாங்கித் தந்தது என்று நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். அந்தச் சோப்பு நுரைக்காரரும் இன்னும் இங்கேதான் வருகிறார். போன வாரம் அவருக்குச் சவரம் செய்யும்போது, பாதி முகத்தில் நிறுத்தி, அவரிடமும் சொன்னேன்.

உன் கட்டிலில் இப்போது துண்டு எதுவும் இல்லை.

என் பாதப் படத்துக்குள் உன் காலை வைத்துப் பார்த்தாயாம், அண்ணி சொன்னாள். கடைசியாக நான் உனக்கு வாங்கித் தந்த செருப்பின் அளவுதான் எனக்குத் தெரியும். இப்போது உன் கால் எவ்வளவு என்று தெரியாது. ஒரு காகிதத்தில் நின்று, வரைந்து அனுப்பு. ஒரு ஜோடி வாங்குகிறேன்.

வாங்கினால் அனுப்ப மாட்டேன். அனுப்பினால், அந்த ஊர் விதி எப்படியோ, உன்னிடம் தீர்வை கேட்பார்கள். இங்கேயே வாசலில், என் ஷூவுக்குப் பக்கத்தில் கிடக்கும். எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வந்து போட்டுக்கொள்.

அண்ணன்